கயிறு யார் கையில்?

தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்தில், கடலில் குதிப்பவரின் உயிர் தோணியில் கயிறு பிடிப்பவர் கையில். அந்த வேலையை மச்சானுக்குத்தான் கொடுப்பார்கள் என்பது கடற்கரைப் பேச்சு. தங்கையின் தாலியாச்சே, விடுவானா?

இதயத்துக்குள் இறங்கியவர்களுக்கும் அப்படியொரு மச்சான் தேவைப்பட்டார்.

1977, செப்டம்பர் 16. ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக், இதய ரத்தக்குழாய் அடைப்பைக் குட்டி பலூனை ஊதித் திறந்தார். ஜெயம்! இந்த வித்தையை அவரிடமே கற்று, 1980-களில் சென்னையில் செய்துகாட்டினார் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல்.

ஆனால், சிலருக்கு பலூன் பட்டுக் குழாயின் உட்சுவர் கிழிந்து, வழியையே மூடிவிடும். அடுத்து மாரடைப்புதான். அவசர பைபாஸுக்கு சர்ஜன் தயாராகக் காத்திருப்பார். சரி, தியேட்டர் போகும்வரை இதயம் தாங்கணுமே?

அதற்கு வந்தது, பக்கவாட்டில் துளைகள் போட்ட மெல்லிய கதீட்டர். அடைப்பைத் தாண்டிச் செருகினால், மேல் துளைகளில் நுழையும் ரத்தம் கீழ்த் துளைகள் வழியே இதயத் தசைக்குப் போய்ச் சேரும். நம்ம மச்சான்!

1986-ல் லோசானில் உல்ரிச் சிக்வார்ட், இப்படி மூடிக்கொண்ட குழாயை ஸ்டென்ட் என்ற கம்பிவலையால் திறந்தார். அவசர பைபாஸ் இன்று அபூர்வம்.

இருந்தாலும், கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்... 'பலூன் கைவிட்டால், கயிறு யார் கையில் சார்?'