நிலத்துக்குரியோர்: மாவோரிச் சொற்களும் உடைமை இலக்கணமும்

நியூசிலாந்தின் மாவோரி மொழியைப் பற்றி எழுதுவோர் சில சொற்களைத் தவறாமல் எடுத்துக்காட்டுவர். 'ஃபெனுவா' என்பது நிலத்தையும் குறிக்கும், குழந்தை பிறந்தபின் வெளிவரும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். 'ஹப்பூ' சூலுற்ற நிலைக்கும், பல குடும்பங்கள் சேர்ந்த குலக்கிளைக்கும் பெயர். 'ஃபானௌ' பிறத்தலையும் விரிந்த குடும்பத்தையும் சுட்டும். 'இவி' எலும்பையும், கிளைகள் பல அடங்கிய குலத்தையும் சுட்டும். உடலின் சொற்களே சமூகத்தின் சொற்களாகவும் அமைந்திருப்பதைக் கண்டு, நிலத்தைத் தாயாகக் கருதும் ஓர் இனத்தின் கவித்துவம் இதில் வெளிப்படுவதாக முடிவு கட்டுவது வழக்கம். அம்முடிவு பிழையன்று, எனினும் மிக எளிதாக எட்டப்பட்டது. ஒரு சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதனாலேயே, அதை வழங்குவோர் அவ்விரண்டையும் ஒன்றாக எண்ணினர் என்று ஆகிவிடாது. இச்சொற்களின் பண்பாட்டுப் பொருளுக்கு வலுவான சான்று அகராதியைக் காட்டிலும் சடங்கிலும் உடைமை இலக்கணத்திலும் கிடைக்கிறது என்பதும், 1840-க்குப் பின் எழுந்த நிலப் பூசலை அவ்விலக்கணத்தை விட்டுவிட்டு முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொல் வரலாறு. மலாயின் 'பெனுவா', ஃபிஜியின் 'வனுவா', சமோவாவின் 'ஃபனுவா', ஹவாயின் 'ஹொனுவா' ஆகியவை மாவோரியின் ஃபெனுவாவோடு ஒரே ஆஸ்திரோனேசிய வேரிலிருந்து கிளைத்தவை. மக்கள் குடியிருந்து வாழும் நிலப்பகுதி என்பதே அவ்வேரின் பொருளாக மொழியியலாளரால் மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. நஞ்சுக்கொடி என்ற பொருள் சமோவா, டோங்கா மொழிகளிலும் உள்ளது. ஆகவே இவ்விருபொருள் நியூசிலாந்து மண்ணில் தோன்றியதன்று. முன்னோர் கடல் கடந்து வந்தபோதே அவர்களோடு வந்தது. மரபாக வந்த இருபொருள் வழக்கில் உயிரற்றுப் போயிருக்கவும் கூடும் என்பதால், அது உயிரோடு இருந்ததற்கு வேறு சான்று வேண்டும்.

அச்சான்றுகளில் ஒன்று சடங்கு. குழந்தையின் நஞ்சுக்கொடியைக் குலத்தின் நிலத்தில் புதைப்பது மாவோரி வழக்கம். அதை வைத்துப் புதைக்கும் கலத்துக்கு 'இப்பு ஃபெனுவா' என்று பெயர். 'பித்தோ' எனப்படும் தொப்புள்கொடியின் குழந்தைப்பக்க முனையையும், அது உலர்ந்து விழுந்தபின், குறித்த இடத்தில் சேர்த்துவைப்பர். பிரசவம் மருத்துவமனைகளுக்கு மாறிய காலத்தில் இவ்வழக்கம் பெரிதும் தடைப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் வேர்கொண்டது. வாழ்வின் மறுமுனையில் இறந்தோரின் எலும்புகளை அகழ்ந்தெடுத்துத் தூய்மை செய்து மறைவிடங்களில் வைக்கும் 'ஹாஹுங்கா' என்னும் சடங்கு முற்காலத்தில் இருந்தது. பிறப்பின் எச்சமும் இறப்பின் எச்சமும் ஒரே நிலத்தைச் சேர்ந்தபோது, ஃபெனுவாவும் இவியும் தனித்தனிச் சொற்களாக நில்லாமல் ஒன்றையொன்று தாங்கும் சொற்களாயின. நிலத்தோடு குலத்துக்குள்ள இவ்வுறவு தானாக நிலைப்பதன்று. 'அஹி கா', அதாவது எரியும் அடுப்பு, அணையாதிருக்கும் வரையில்தான், அஃதாவது குலத்தார் அங்கே தொடர்ந்து வாழ்ந்து நிலத்தைப் பேணும் வரையில்தான், அவர்தம் உரிமை நிற்கும்.

இரண்டாவது சான்றாகிய இலக்கணம் இன்னும் ஆழமானது. சொற்பட்டியல்களில் இடம்பெறாததால் அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மாவோரியில் உடைமையைச் சொல்ல 'ஆ' என்றும் 'ஓ' என்றும் இரு வடிவங்கள் உண்டு. ஒருவர் தம் பிள்ளையை 'தாக்கு' என்ற ஆ-வடிவத்தாலும், தம் பெற்றோரை 'தோக்கு' என்ற ஓ-வடிவத்தாலும் 'என்னுடைய' என்பார். பேரப்பிள்ளைகள் ஆ-வகையினர், மூதாதையர் ஓ-வகையினர். கணவனும் மனைவியும் ஆ-வகை, நண்பர் ஓ-வகை. உணவு ஆ-வகையாக இருக்க, குடிநீர் ஓ-வகையாகிறது. கொல்லுதல் என்ற வினையிலிருந்து அமைந்த பெயரோடு ஆ வந்தால் உடையவர் கொன்றவர். ஓ வந்தால் கொல்லப்பட்டவர். உறவைத் தோற்றுவித்து நடத்துபவராக உடையவர் நிற்கும்போது ஆ வருகிறது. அவருக்கு முன்னரே அமைந்ததாக, அல்லது அவரைத் தாங்குவதாக உறவு இருக்கும்போது ஓ வருகிறது என்று இவ்வேறுபாட்டைப் பொதுவாக விளக்கலாம்.

நிலம் ஓ-வகையைச் சேர்ந்தது. மலையும் ஆறும் அவ்வாறே. இதைக் கொண்டு ஓ-வடிவம் போற்றுதலின் அடையாளம் என்று கூறிவிடுதல் தவறு. ஏனெனில் வீடு, ஆடை, ஏறிச்செல்லும் படகு, உடலுறுப்பு ஆகியவையும் ஓ-வகையே. இலக்கணம் உறுதியாகக் காட்டுவது ஒன்றுதான்: 'என் நிலம்' என்று சொல்லும் மாவோரியர், தாம் ஆக்கிய அல்லது ஆளும் ஒரு பொருளின் உடைமையாளராக அன்றி, தம்மைத் தாங்கும் ஒன்றினுள் நிற்பவராகவே ஒவ்வொரு முறையும் பேசுகிறார். மண்ணின் மக்களைக் குறிக்கும் 'தங்கத்தா ஃபெனுவா' என்ற தொடரிலும் நிலமே மக்களுக்கு அடைமொழியாகிறது.

இந்த வேறுபாட்டின் அரசியல் விளைவு பிரித்தானிய அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே 1840 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கையில் தெரிகிறது. அதன் ஆங்கில வரைவைச் சமயப் பணியாளர் ஹென்றி வில்லியம்சும் அவர் மகன் எட்வர்டும் ஓர் இரவில் மாவோரிக்கு மாற்றினர். பல இடங்களில் மொத்தம் 500-க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். அவர்களுள் ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டோர் 40 பேருக்கும் குறைவே. ஆங்கிலத்தில் அரசிக்கு அளிக்கப்பட்ட இறைமை, மாவோரியில் ஆளுநர் என்ற கடன்சொல்லிலிருந்து ஆக்கிய 'காவனத்தங்கா' ஆயிற்று. தலைவர்களுக்கும் ஹப்பூக்களுக்கும் மக்கள் அனைவருக்கும் உறுதியளிக்கப்பட்டதோ 'தினோ ரங்கதிரதங்கா', அதாவது தலைவருக்குரிய முழு அதிகாரம். மாவோரித் தலைவர்களின் 1835 விடுதலை அறிக்கையில் 'மனா' என்ற சொல் இறைமையைக் குறிக்கக் கையாளப்பட்டிருந்தும் உடன்படிக்கையின் அவ்விடத்தில் அது தவிர்க்கப்பட்டது. இவை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருபவை.

உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவில் நிலங்கள், குடியிருப்புகள், 'தாவோங்கா' எனப்படும் அரும்பொருள்கள் ஆகிய மூன்றும் 'ஓ ராத்தோ' என்ற ஓ-வடிவத்தாலேயே 'அவர்களுடைய' எனப்படுகின்றன. இது வில்லியம்சின் உள்நோக்கம் அன்று. மொழி அறிந்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பர். அதனாலேயே இதற்கு மதிப்பு மிகுதி. முழுமையான, பிறர் தலையிடாத கைவசமாக ஆங்கிலப் பிரதி சொன்னதை, ஒப்பமிட்டவர்கள் தங்களைத் தாங்கும் ஒன்றோடு தங்களுக்குள்ள உறவாகவே கேட்டனர். அத்தகைய ஒன்றை விற்றுத் தீர்த்துவிடலாம் என்ற கருத்து அச்சொற்றொடரில் இல்லை.

நிலச் சட்டங்கள் இதற்கு நேர்மாறாகச் சென்றன. 1865-இன் சட்டத்தின்படி நிறுவப்பட்ட பூர்வகுடி நில நீதிமன்றம், ஹப்பூ முழுமைக்கும் உரிய நிலத்துக்குப் பத்துப் பேருக்கு மிகாமல் பெயரெழுதிப் பட்டா வழங்கியது. பட்டியலில் இடம்பெற்றவர் விற்கலாம் என்றாக, ஏனையோரின் உறவு சட்டத்தின் கண்ணில் இல்லாமற் போயிற்று. இது பெருங்கொடுமை. 1993-இன் மாவோரி நிலச் சட்டம் நிலத்தை முன்னோர் வழிவந்த தாவோங்கா என்று முகப்புரையிலேயே ஏற்க நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 2017-இல் வங்கானுயி ஆறு சட்டத்தின்முன் ஓர் ஆளாக அறிவிக்கப்பட்டதும் இத்திருத்தப் போக்கின் தொடர்ச்சியே.

ஆயினும் மாவோரிச் சொல்லைச் சட்டத்தில் நுழைப்பதால் மட்டும் அதன் பொருள் உடன்வருவதில்லை. 1991-இன் வள மேலாண்மைச் சட்டம் 'கைத்தியாக்கித்தங்கா' என்னும் காவற்கடமையை ஆங்கிலத்தில் பாதுகாவல் என்றே வரையறுத்தது. யாருடைய கடமை, எந்த ஒழுங்கின்படி என்று அது கூறவில்லை. 1997-இல் அவ்வரையறை திருத்தப்பட்டு, அந்நிலப்பகுதியின் தங்கத்தா ஃபெனுவா, மாவோரி ஒழுகலாறாகிய 'திக்கங்கா'வின்படி ஆற்றும் காவல் என்று விரிந்தது. ஒரு சொல்லை நிலைநிறுத்துவதற்கு மேலும் இரண்டு மாவோரிச் சொற்கள் தேவைப்பட்டன. இன்று நியூசிலாந்தின் ஆங்கிலப் பேச்சில் ஃபானௌ, இவி, ஃபெனுவா, மனா எல்லாம் இயல்பாக வழங்குகின்றன. ஆனால் அவை ஆ-வும் ஓ-வும் இல்லாமல், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நிலத்துக்கும் ஒரே 'என்'னைத் தரும் வாக்கியங்களுக்குள்தான் செல்கின்றன.