காக்கா ஆழி

காக்கா ஆழி என்பது நடு, தென் அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்டு, ஜொகூர் நீரிணையிலும் பரவியுள்ள அயல் ஆக்கிரமிப்புச் சிப்பி. அறிவியற்பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா, குடும்பம் மைட்டிலிடே. இது பரவியுள்ள சென்னையின் எண்ணூர்ப் பகுதி மீனவர் வைத்த பெயரே தமிழில் நிலைத்தது.

சில செ.மீ. நீளமுள்ள கரும்பழுப்பு ஓடு. பட்டுபோன்ற இழைகளால் கல், கயிறு, படகடி என எதையும் பற்றிக்கொண்டு பாய் விரித்ததுபோல் அடர்ந்துவிடும். கடல்நீரிலும், ஏறத்தாழ நன்னீராகிவிட்ட கழிமுகத்திலும் தாக்குப்பிடிப்பது இதன் பெரிய பலம்.

நீரிணையின் சிங்கப்பூர்ப் பக்கத்தில் 2016இல் கண்டறியப்பட்டது. கப்பல்களின் அடிப்பகுதியிலும் நிலைப்படுத்து நீரிலும் இவ்வினம் பயணிக்கும். இங்கே உள்ளூர்ப் பச்சைச் சிப்பியோடு (மலாயில் கூப்பாங்) இடத்துக்குப் போட்டியிடுகிறது.

உல்லாசப் படகோட்டிகளுக்கு இத்தகைய சிப்பிகள் செலவு வைப்பவை: அடிப்பகுதியில் ஒட்டினால் வேகம் குறைந்து எரிபொருள் கூடும், குளிர்விப்பு நீர்க் குழாயை அடைத்தால் இயந்திரம் சூடேறும். கூரிய ஓடுகள் வெறுங்காலையும் தூண்டில் நரம்பையும் அறுக்கும்.

நன்னீரில் இதே தொல்லையைத் தருவது வரிக்குதிரைச் சிப்பி. 1988இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. மினசோட்டாவில் ஏரியைவிட்டுப் படகை எடுத்துச் செல்வோர் வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை வடிக்கவேண்டும் என்பது சட்டம்.

ஒருமுறை பரவியபின் ஒழிப்பது அரிது. விதிவிலக்கு, ஆஸ்திரேலியாவின் டார்வின்: 1999இல் அங்கு மூன்று படகுத்துறைகளில் புகுந்த கருவரிச் சிப்பி, குளோரினும் செப்பு சல்பேட்டும் கொட்டி அழிக்கப்பட்டது.