தோலும் முப்புரிக் கயிறும்

பலமனேர் மேட்டுநிலத்தினின்று மலைச்சரிவு வழியே கீழிறங்குவோர் குடியாத்தத்தையும் பேரணாம்பட்டையும் அடைவர். சற்று அப்பால் ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ளன. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இடையே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை மட்டும் அக்கோட்டை மதித்ததாகத் தெரியவில்லை!

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் இழைகளை அழுகாவண்ணம் ஒன்றோடொன்று பிணைப்பதே பதனிடுதல். தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட இப்பொருளின் உள்ளமைப்பை விஞ்ஞானிகள் நெடுநாள் அறிந்தாரில்லை. அதை அவிழ்த்த வரலாறு சென்னையில் நிகழ்ந்தது.

அதன் நாயகர் ஜி. என். இராமச்சந்திரன். உங்களைப் போலவே அவரும் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பத்தவர். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று மீண்டு, 1952இல் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகத் துறைத் தலைவரானார். அப்போது வயது முப்பதுகூட நிறைந்திருக்கவில்லை. அவ்வாண்டு சென்னை வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் துலங்கவில்லை என்றார். இராமச்சந்திரன் அதனையே பற்றிக்கொண்டார். 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கிண்டி வளாகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது நல்வாய்ப்பாயிற்று. கங்காருவின் வால் தசைநாரில் தூய கொலாஜன் கிடைத்தது. அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவரும் கோபிநாத் கர்த்தாவும் படமெடுத்தனர்.

கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அது யாவற்றினும் சிறியது. மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்க, நடுவில் இடுக்கான இடத்தில் அச்சிறியது மட்டுமே அடங்கும் என்று இருவரும் உய்த்துணர்ந்தனர். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், மூன்று சுருள்களும் முப்புரிக் கயிறுபோல் முறுக்குண்டிருப்பதாகத் திருத்தி எழுதினர்.

இரண்டு மாதத்திற்குள் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும் மறுப்பு விடுத்தனர். மூன்று கயிறுகள் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. சென்னை மாதிரியில் சில அணுக்கள் தகாத நெருக்கத்தில் நிற்கின்றன என்றும், மூன்று அமினோ அமிலங்களுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டன்று, ஒன்றே என்றும் வாதிட்டனர். 1994இல் வெளியான படிக ஆய்வு அவர்கள் கணக்கையே உறுதி செய்தது. ஆயினும் முப்புரியை முதலில் கண்டது சென்னையே என்பதில் ஐயமில்லை. இதனைச் சொல்லும்போது நம்மவர் பிணைப்புக் கணக்கை மறைப்பதும், பிறர் முப்புரியை மறப்பதும் வழக்கமாகிவிட்டது.

இராமச்சந்திரனோ மனம் சோரவில்லை. தகாத நெருக்கம் என்றால், தகும் நெருக்கம் எவ்வளவு? அமைப்பு தெரிந்த படிகங்களில் அணுக்களின் இடைவெளிகளை ஆராய்ந்து வரம்பு கண்டார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் பெரும்பாலும் இரு கோணங்களில்தான் திரும்பும். எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதா என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அப்படத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம். புரதங்கள் வாழ்வதற்குச் சில தீவுகளே உள்ளன.

அவ்வரைபடம் இன்று எங்கெல்லாம் பயன்படுகிறது தெரியுமா? கொலாஜன் உயிரணுக்களுக்கு வெளியே நிற்பது. உயிரணுவுக்கு உள்ளேயும் இழைகளாலான ஒரு சட்டகம் உண்டு. வியன்னாவில் கெர்ஹார்ட் விச்சே ஆராய்ந்து பெயரிட்ட பிளெக்டின் என்னும் புரதம் அவ்விழைகளை ஒன்றோடொன்று கோத்து, மேல்தோலை அடித்தளத்தில் பொருத்தி வைக்கிறது. இப்புரதம் குறைந்த குழந்தைக்கு இலேசாக உரசினாலும் தோல் கொப்புளிக்கும், நாளடைவில் தசையும் தளரும். 1996இல் இக்காரணம் தெளிவாயிற்று.

பிளெக்டின் 4500க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பூதம். முழுதாக ஆராய்வது கடினம். ஆகவே அதன் மனித மரபணுத் துண்டைப் பாக்டீரியாவில் புகுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் விளைவித்துப் படிகமாக்குகின்றனர். அவ்வாறு வரைந்த அமைப்பு சரிதானா என்று பார்க்க, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் முதலில் விரிக்கப்படுவது கிண்டியில் பிறந்த அந்த வரைபடமே. 2001 ஏப்ரலில் சென்னையில் மறைந்த அப்பேராசிரியரின் பெயராலேயே அதனை அழைக்கின்றனர்.