இல்லறமே பணிக்களம்: பர்மாவில் ஜட்சன் குடும்பம் (1813–1827)

பர்மிய மொழி விவிலியத்தின் வரலாறு அடோனிராம் ஜட்சன் என்னும் ஒருவரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. 1834இல் அம்மொழிபெயர்ப்பை நிறைவு செய்தவர் அவரே. ஆயினும் அப்பணியைத் தாங்கியது ஒரு குடும்பம். அதில் அவர் மனைவி ஆன் ஆற்றிய பங்கைத் துணைப்பணி என்று ஒதுக்குவது சான்றுகளுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1812 பிப்ரவரியில் மணமான இரு வாரங்களில் இவ்விணையர் கிறித்தவ மிஷனரிகளாக அமெரிக்காவிலிருந்து கப்பலேறினர். கல்கத்தாவில் தங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி இடந்தரவில்லை. மொரீசியஸ் வழியாக 1813 ஜூனில் சென்னை வந்தவர்கள், அங்கிருந்தும் வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சி, இரங்கூனுக்குப் புறப்படவிருந்த கப்பலில் ஏறினர். அப்பயணத்திலேயே முதற்குழந்தை இறந்து பிறந்தது. கம்பெனியின் எல்லைக்கு வெளியே, பர்மிய மன்னரின் ஆட்சிப்பகுதியில் அவர்கள் குடியேறியதன் பின்னணி இது.

மொழிப்பயிற்சியை முதற்சான்றாகக் கொள்ளலாம். ஜட்சன் ஆசிரியரோடு அமர்ந்து ஏட்டு மொழியையும் இலக்கணத்தையும் கற்றார். வீட்டு நிர்வாகம் ஆனின் பொறுப்பாக இருந்ததால், வேலையாட்களோடும் அண்டை வீட்டாரோடும் பேசிப் பேசியே அவருக்குப் பேச்சுமொழி கணவரைவிட விரைவில் கைவந்தது. அடுக்களையும் முற்றமும் அவருக்குப் பள்ளிக்கூடமாயின. தானியேல், யோனா நூல்களைப் பர்மிய மொழியில் பெயர்த்த ஆன், இரங்கூனில் வாழ்ந்த சயாமியரிடம் அவர்கள் மொழியையும் கற்று, மத்தேயு நற்செய்தியை அதில் ஆக்கினார்.

இரண்டாம் சான்று சிறைக்காலம். முதல் ஆங்கிலேய–பர்மியப் போர் மூண்டபின், 1824 ஜூனில் ஜட்சன் ஒற்றர் என்ற ஐயத்தில் பர்மியத் தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டார். கருவுற்றிருந்த நிலையிலும் ஆன் அதிகாரிகளின் வாயில்தோறும் நின்று மன்றாடினார்; சிறைக்கு உணவு அனுப்பினார். புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் படியை முதலில் மண்ணில் புதைத்தார். அது ஈரத்தில் அழிந்துவிடும் என்பதால் பின்னர்த் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் சேர்ப்பித்தார். கைதிகள் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது வீசியெறியப்பட்ட அப்பொதியை, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே நினைவுப்பொருளாக எடுத்துவைத்தவர் மௌங் இங் என்ற பர்மியச் சீடர். ஆன் நோயில் விழுந்து பால் வற்றியபோது, கைக்குழந்தை மரியாவுக்குப் பாலூட்டியவர்கள் ஊர்த் தாய்மார்கள். ஆகவே 'மிஷனரி குடும்பம்' என்னும் வட்டத்துக்குள் உள்ளூர் மக்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆனின் புகழ் மறைக்கப்படவில்லையே என்று கேட்கலாம். 1829இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாறு அமெரிக்காவில் பரவலாக வாசிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அத்தகைய போற்றுதலில் தியாகி முன்னின்றார், மொழிபெயர்ப்பாளர் பின்தள்ளப்பட்டார். துயரத்தைப் போற்றுவது ஒன்று, உழைப்பைக் கணக்கிடுவது வேறு.

குடும்பம் கொடுத்த விலையும் சிறிதன்று. மகன் ரோஜர் 1816இல் எட்டாம் மாதத்தில் இறந்தான். 1826 அக்டோபரில், கணவர் ஊரில் இல்லாதபோது, ஆன் பர்மாவின் அம்ஹெர்ஸ்டில் தம் 36ஆம் வயதில் காலமானார். ஆறு மாதத்தில் மரியாவும் மறைந்தாள். ஏழாண்டுகளுக்குப் பின் நிறைவுற்ற விவிலியம் ஜட்சன் பெயரால் வழங்குகிறது. அதன் முன்வரலாற்றை எழுதுவோர் ஆனையும் மௌங் இங்கையும், பெயர் பதிவாகாத அத்தாய்மார்களையும் விட்டுவிட்டு எழுதுவது அரைவரலாறே ஆகும்.