கொச்சிப் பறம்பின் பயிர்கள்

கொச்சியில் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைப் பறம்பு என்பார்கள். பாத்தி பிரித்து ஒரே பயிரை நடும் வழக்கம் அங்கே குறைவு. தென்னையும் கமுகும் மேலே நிற்கும். அவற்றுக்குக் கீழே பலா, மா, முருங்கை. பலாவிலோ முள்முருக்கிலோ மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதற்கும் கீழே வாழை, சேனை, சேம்பு, இஞ்சி. கிணற்றோரம் கறிவேப்பிலை, வாசலில் துளசி, வேலியில் செம்பருத்தி. பார்ப்பவருக்குக் காடு போலத் தோன்றும் இந்த அடுக்கு மழையைக் கணக்கில் கொண்டு அமைந்தது. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், உயர்ந்த மரங்களின் இலைகள் மழையின் வேகத்தைத் தணித்த பிறகுதான் தண்ணீர் மண்ணைத் தொடுகிறது.

மண்ணோ மணற்பாங்கானது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகமான முசிறிப் பக்கத்துக் கழிமுகத்தைத் தூர்த்து, கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்று கருதப்படுகிறது. கொச்சியின் மட்டாஞ்சேரி இந்தக் காயலோர நிலத்தில் எழுந்த வணிக ஊர். இத்தகைய மணலில் போட்ட உரம் இரண்டு மழைக்கு நிற்காது. கோடையில் ஈரமும் தங்காது. அதற்குத் தேங்காய் மட்டையே மருந்தாயிற்று. தென்னங்குழியின் அடியில் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, அதன்மேல் மண் நிரப்புவார்கள். மட்டை நீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மழைக்காலத் தொடக்கத்தில் மரத்தைச் சுற்றி வட்டமாகத் தடம் திறந்து, பச்சிலையும் சாம்பலும் சாணமும் இட்டு, பின்னர் மூடுவார்கள். பாத்திரம் கழுவிய நீரும் மீன் அலசிய நீரும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போயின.

எதை எப்போது நடுவது என்பதை ஞாற்றுவேலை தீர்மானித்தது. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் இருக்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்களே ஒரு ஞாற்றுவேலை, ஆண்டுக்கு இருபத்தேழு. ஜூன் 22-ஐ ஒட்டித் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலையில் மிளகுக்கொடி நட வேண்டும். விடாத சாரலும் இடையிடையே வரும் வெயிலும் வேர்பிடிக்க ஏற்றவை. பறங்கியர், அதாவது போர்ச்சுக்கீசியர், கொடியைக் கொண்டுபோகலாம், திருவாதிரையைக் கொண்டுபோக முடியுமா என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் அவையில் சொல்லப்பட்டதாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதிலுள்ள வேளாண்மை அறிவு சரியானது. சேனைக்குக் கும்ப மாதம். கும்பத்தில் நட்டால் குடத்தளவு விளையும், மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்பது அங்குள்ள பழமொழி. கோடைமழைக்கு முன்பே மண்ணுக்குள் போன கிழங்குக்கு வளர நீண்ட காலம் கிடைப்பதே காரணம்.

1503-இல் போர்ச்சுக்கீசியர் கொச்சியில் கோட்டை கட்டிய பிறகு பறம்பின் உள்ளடக்கம் மாறத் தொடங்கியது. மிளகாய், முந்திரி, அன்னாசி, பப்பாளி, கொய்யா, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்களின் கடல்வழித் தொடர்பால் வந்தவை. அதற்கு முன் மலபார்க் குழம்புக்குக் காரம் தந்தவை மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான். மிளகாய் விரைவில் பரவியதில் வியப்பில்லை: மிளகுக்கொடிக்குப் பற்றிப் படர மரமும் காய்க்கச் சில ஆண்டுகளும் வேண்டும், மிளகாய்க்குக் கிணற்றடியில் ஒரு முழ இடமும் சில மாதங்களும் போதும். மரவள்ளி மட்டும் நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்ப முனைந்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அது எளியவர்களின் முதல் உணவாயிற்று.

அதே போர்ச்சுக்கீசியரின் கோவாவிலிருந்து தப்பி வந்த கொங்கணிகள் மட்டாஞ்சேரியில் குடியேறினார்கள். வீட்டு முன்றிலில் துளசிமாடம், பின்புறத்தில் சேம்பு என்பது அவர்கள் வழக்கம். சேம்பிலையில் அரைத்த மாவைத் தடவிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரோடே அவர்களின் மழைக்காலப் பண்டம். இந்தச் சமூகத்து வைத்தியர்களுக்கு அடுத்த நூற்றாண்டில் ஒரு பெரிய பங்கு காத்திருந்தது.

1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். 1670 முதல் 1677 வரை மலபார்ப் பகுதியின் டச்சுத் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், உள்ளூர்ச் செடிகளை விளக்கும் நூலொன்றைத் தொகுக்க ஏற்பாடு செய்தார். ஐரோப்பாவிலிருந்து மருந்து வரவழைப்பதைவிட மலபாரிலேயே கிடைப்பது மலிவு என்பது அவர் வாதம். சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்பச் சுவடியிலிருந்து செடிகளின் பெயரும் குணமும் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர்கள் அவற்றுடன் தங்கள் அறிவைச் சேர்த்தார்கள். 1675 ஏப்ரலில் இவர்கள் எழுதிக் கொடுத்த சான்றுரைகள் நூலிலேயே அச்சாகியுள்ளன. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 742 செடிகளை விவரிக்கிறது.

மலைக்காட்டு மூலிகைகளின் நூலாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் முதல் தொகுதியைத் திறந்தால் முதலில் நிற்பது தென்னை. கமுகு, பனை, வாழை, பப்பாளி ஆகியவையும் அதே தொகுதியில் உள்ளன. பலா, முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, வெட்சி, தும்பை எல்லாம் பின்னால் வருகின்றன. முந்திரியும் மிளகாயும் அன்னாசியும் பழைய குடிகளோடு சேர்ந்தே இடம்பெறுகின்றன. பதினேழாம் நூற்றாண்டுப் பறம்பைப் பற்றி இதைவிட நல்ல ஆவணம் இல்லை எனலாம். 1753-இல் லின்னேயஸ் செடிகளுக்கு அறிவியற்பெயர் சூட்டியபோது இதன் படங்களை நம்பினார். தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் உருவாக்கிய ஆங்கிலப் பதிப்பு 2003-இலும் மலையாளப் பதிப்பு 2008-இலும் வெளிவந்த பிறகே, நூல் அது பிறந்த ஊரின் வாசகர்களை எட்டியது.

பூக்களில் தும்பை, முக்குற்றி போன்றவற்றை யாரும் நட்டதில்லை. அவை தாமாகவே முளைத்து ஆவணியில் பூத்தன. ஓணக் கோலத்துக்குப் பிள்ளைகள் பறித்து வந்தார்கள். வீடுகள் நெருங்கிப் பறம்பு சுருங்கியபின், தோவாளையிலிருந்தும் குண்டல்பேட்டையிலிருந்தும் லாரியில் வரும் செண்டுமல்லி அந்த இடத்தைப் பிடித்தது. அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்த செடிதான்.

காய்கறிக்கும் கொச்சி தமிழ்நாட்டு லாரிகளை நம்பியே இருக்கிறது. பூச்சிமருந்து எச்சம் பற்றிய அச்சம் பரவியதும் மொட்டைமாடித் தோட்டங்கள் பெருகின. ‘ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி’ திட்டத்தில் கேரள வேளாண் துறை விதையும் நாற்றும் வழங்குகிறது. மாடியில் வைக்கும் பைகளில் மண்ணும் சாணமும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பி, வெண்டை, பயறு, கீரை, மிளகாய் வளர்க்கிறார்கள். பூச்சிக்கு வேப்பெண்ணெயும் பூண்டும் கலந்த கரைசல் தெளிக்கிறார்கள். குழியில் மட்டை செய்த வேலையைப் பைக்குள் நார்க்கழிவு செய்கிறது. பலாவும் மிளகுக்கொடியும் மட்டும் மாடிக்கு ஏறவில்லை.