உயிர் தந்த காற்று கண்ணைப் பறித்த கதை

பிரசவத்தில் நேரும் தவறு என்றவுடன் ஆயுதம் பட்டுக் குழந்தையின் தலையில் காயம், கையைப் பிடித்து இழுத்ததில் நரம்பு அறுந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஒரு காயமும் இல்லாமல், வெறும் காற்றால் குழந்தைகள் பார்வை இழந்த வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் தொடங்கி நம் எழும்பூர் வரை வந்தது.

1942-ல் பாஸ்டன் நகரில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணுக்குள் வெண்மையான திசு படர்ந்து பார்வை போவதைப் பதிவு செய்தார். அதற்கு முன் இப்படி ஒரு நோயை யாரும் பெரிதாகக் கண்டதில்லை. வேடிக்கை என்னவென்றால் (வேதனை என்றும் சொல்லலாம்), வசதியான ஆஸ்பத்திரிகளில்தான் இது அதிகம்! ஏழை ஊர்களில் இந்த நோயே இல்லை. காரணம், அங்கே நல்ல இன்குபேட்டரும் இல்லை, தாராளமான ஆக்சிஜனும் இல்லை.

1951-ல் மெல்போர்னைச் சேர்ந்த கேட் கேம்ப்பெல் என்ற பெண் மருத்துவர் ஆக்சிஜன் மீது சந்தேகம் எழுப்பினார். வாஷிங்டனில் அர்னால் பாட்ஸ் என்ற இளம் மருத்துவர் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிறையவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார். இரவுப்பணி நர்சுகள் சிலருக்கு மனசு கேட்கவில்லை. பாவம் பிள்ளை மூச்சு முட்டுமே என்று, குறைவாக வைத்திருந்த குழந்தைகளுக்கும் டாக்டருக்குத் தெரியாமல் திருகைத் திறந்துவிட்டார்களாம். நல்ல மனசும் கெடுதல் செய்யும் இடம் இது. 1953-54-ல் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு, அளவு மீறிய ஆக்சிஜன்தான் குற்றவாளி என்று உறுதி செய்தது. அதற்குள் உலகம் முழுவதும் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் 1950-ல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர்.

பிறகு மருத்துவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்ததில் கண் பிழைத்தது, ஆனால் மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளும் கூடினார்கள். எது சரியான அளவு என்ற கேள்வி பல பத்தாண்டுகள் நீண்டது. அதனால்தான் வேறு வழி தேடினார்கள்: ஆக்சிஜன் கொடு, ஆனால் குறித்த நாளில் கண்ணைப் பார். விழித்திரை கெடத் தொடங்கினால் உறைய வைத்துத் தடுக்கலாம் என்பது 1980-களின் இறுதியிலேயே நிரூபணமாகிவிட்டது.

இனி எழும்பூர். 1844-ல் தொடங்கிய அந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996 ஆகஸ்ட் 30 அன்று ஒரு பெண் குழந்தை 29-வது வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். அந்தக் காலத்தில் குறைமாதப் பிள்ளைக்குப் பெரிய வைத்தியம் என்றால் பெரிய ஊர்தான். திருவண்ணாமலையை எடுத்துக்கொண்டால், 1989-ல் உருவான அந்த மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 2013-ல்தான். அதற்கு முன் வேலூருக்கோ சென்னைக்கோ ஓட வேண்டும். இந்தக் குழந்தையோ பிறந்ததே எழும்பூரில்!

சுமார் 25 நாள் இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, உயிரைக் காப்பாற்றினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செப்டம்பர் 23 அன்று டிஸ்சார்ஜ். கையில் கொடுத்த தாளில் கண் பரிசோதனை பற்றி ஒரு எச்சரிக்கையும் இல்லை. அக்டோபர் 30 அன்று, ஒன்பது வார வயதில், குழந்தையை மறுபடி காட்டினார்கள். அன்றும் யாரும் கண்ணைப் பார்க்கச் சொல்லவில்லை. நான்கரை மாதத்தில் வேறு வேலையாக மும்பை போன பெற்றோர் அங்கே தடுப்பூசிக்காக ஒரு குழந்தை மருத்துவரிடம் போனார்கள். குறைமாதப் பிரசவம் என்று கேட்ட மாத்திரத்தில் அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

மருத்துவர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்களா என்பதே அதற்குச் சற்று முன்புதான் முடிவாகியிருந்தது. வரமாட்டார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று மாற்றியது. தந்தை தொடுத்த வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல் அலட்சியத்தை ஒப்புக்கொண்டு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. வாழ்நாள் முழுதும் பார்வையில்லாமல் இருக்கப் போகிறவளுக்கு 5 லட்சம்! அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1 அன்று நீதிபதிகள் கேஹர், பாப்டே அமர்வு, விலைவாசி உயர்வையும் கணக்கில் சேர்த்து, சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. பெரும்பகுதியைத் தமிழக அரசுத் தரப்பும், ஒரு பகுதியை இரண்டு மருத்துவர்களும் தர வேண்டும். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் இந்தக் கண் நோயும் பட்டியலில் உண்டு. இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடை, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறப்பு என்றால், பிறந்து 30 நாளுக்குள் கண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பது இந்திய மருத்துவர்களின் இப்போதைய விதி. எழும்பூர்க் குழந்தைக்கு அந்த முப்பதாவது நாள் 1996 செப்டம்பர் 29. டிஸ்சார்ஜ் ஆகி ஆறாவது நாள்.