வாகனம் ஓட்டும்போது கைப்பேசி: அபராதத்தை எதிர்த்து வழக்காடுவது எப்படி?

புதுதில்லி: வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துக் குறுஞ்செய்தி அனுப்புவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவின்கீழ் குற்றமாகும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறை ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ, 6 மாதங்கள் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

கவனம் சிதறாத வகையில், வழியறிவதற்கு மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்த 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி அனுமதிக்கிறது.

மெய்நிகர் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில், இணையதளத்தில் அபராதத்தைச் செலுத்தினால் வழக்கு முடிவுக்கு வரும். குற்றச்சாட்டை மறுப்பதாகத் தெரிவித்தால், வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அங்கு ஓட்டுநர் தாமே வாதிடலாம். அல்லது வக்காலத்து அளித்து வழக்குரைஞரை அமர்த்தலாம். கையில் இருந்தது கைப்பேசிதானா, வாகன எண் படத்தில் தெளிவாக உள்ளதா என அவர் சாட்சியங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்.

வழக்குரைஞர் கட்டணம் அபராதத்தை விஞ்சக்கூடும். எனினும், உரிமத்தையே வாழ்வாதாரமாகக் கொண்ட வாடகை வாகன ஓட்டுநர்களுக்கு அச்செலவு வீணாகாது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்து இலவச சட்ட உதவி பெறலாம்.